மழை விட்டாப் பிறகு

ஒக்டோபர் 18, சனி

காலை ஒன்பது மணிக்கும் குசினியில் லைட் போட்டுத்தான் தேத்தண்ணி வைத்தேன். வெளியே மழை. நோர்வேயின் பேர்கன் நகரத்தில் இதை ஒரு செய்தியாக எழுதத் தேவையில்லைதான், ஆனால் நாட்குறிப்பு என்று தொடங்கினால் முதல் வரி இதுவாகத்தானே இருக்கும்.

ஃப்ளோயன் மலைக்கு நடந்து போனேன். 1918 இலிருந்து ஓடுகிற இழுவை ரயிலில் ஏறினால் சில நிமிடத்தில் மேலே போய்விடலாம், சப்பாத்தும் நனையாது. நான் நடக்கிறவன். பேர்ச் மரங்களின் மஞ்சள் இலைகள் பாதை முழுக்க ஒட்டிக் கிடந்தன. காய்ந்திருந்தால் வடிவு, நனைந்தால் சவர்க்காரம். 320 மீற்றர் உயரத்தில் இருக்கிற பார்வைத் தளத்திலிருந்து துறைமுகமும் நகரமும் தெரியவேண்டும். வெள்ளைப் புகார்தான் தெரிந்தது. கப்பலில் வந்த சுற்றுலாக்காரர்கள் சிலர் அந்தப் புகாரையே முறைவைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் இந்த ஊருக்கு வந்தது 2006 ஒக்டோபர் கடைசியில். மனைவி எனக்கு முன்பே இங்கே இருந்தாள். வந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. “மழை விட்டாப் பிறகு ஊரைச் சுற்றிப் பார்ப்பம்” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஒக்டோபர் 29 இல் தொடங்கிய மழை ஒரு நாள்கூடத் தவறாமல் அடுத்த வருடம் ஜனவரி 21 வரை பெய்தது. 85 நாள். பேர்கனுக்கே அது சாதனை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த 85 நாளில் பெரும்பகுதியை நான் ஜன்னலடியில் கழித்தேன். ஊரில் மழையென்றால் அப்படித்தானே, விடும்வரை திண்ணையில் இருப்போம், விட்டதும் இறங்குவோம்.

ஒக்டோபர் 20, திங்கள்

சப்பாத்து இன்னும் காயவில்லை.

முறை இதுதான். முதலில் உள்ளட்டையை உருவி எடுக்கவேண்டும். கயிற்றைத் தளர்த்தி நாக்கை வெளியே இழுத்துவிட வேண்டும். பிறகு பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி விரல் பக்கம் வரை இறுக்கி அடைக்கவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் அந்தத் தாள் பிழிந்தால் தண்ணீர் வருமளவுக்கு ஊறிவிடும். அதை எறிந்துவிட்டு வேறு தாள். மூன்று தரம் மாற்றிய பிறகு நாலாவதை இரவு முழுக்க விடலாம். அவசரப்பட்டு ஹீற்றருக்கு மேல் வைக்கக்கூடாது. ஒருமுறை வைத்தேன். காலையில் பார்த்தால் பசை விட்டு அடித்தோல் முன்பக்கம் திறந்து, பாரைமீன் வாயைப் பிளந்த மாதிரிக் கிடந்தது.

இப்போது யார் வீட்டில் பத்திரிகை இருக்கிறது? எல்லோரும் ஃபோனில் படிக்கிறார்கள். நான் வேலை செய்கிற முதியோர் பராமரிப்பு இல்லத்திலிருந்துதான் கட்டாகக் கொண்டுவருகிறேன். அங்கே ஒரு பாட்டி இருக்கிறார், தொண்ணூறு தாண்டியவர். குறுக்கெழுத்தை முடித்த பிறகு பத்திரிகையை எனக்கென்று மடித்து வைப்பார். முதல் தடவை எதற்கென்று கேட்டார். சப்பாத்துக்கு என்றதும், “விரல் பக்கம் நல்லா இறுக்கி அடை” என்றார். எண்பது வயது வரை மலை ஏறியவராம். இப்போது திங்கள் காலைகளில் என்னை விசாரணை செய்வதுதான் அவருடைய மலையேற்றம். எங்கே போனாய், எந்தப் பாதை, மேலே காற்று எப்படி. மழையென்று சொன்னால் அதை ஒரு பதிலாகவே எடுக்கமாட்டார்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

நேற்றிரவு மணிக்கூட்டைப் பின்னுக்கு மாற்றிவிட்டார்கள். நேற்று ஆறு மணியளவில் மறைந்த சூரியன் இன்று ஐந்துக்கே போய்விட்டது. ‘சூரியன்’ என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

உண்மையில் எனக்கு மழையைவிட இதுதான் கஷ்டம். மழைக்குச் சட்டை இருக்கிறது, இருட்டுக்கு ஒன்றும் இல்லை.

நவம்பர் 1, சனி

ஸ்டோல்ட்சக்லைவன். சாண்ட்விக் மலைக்கு நேர்குத்தாக ஏறுகிற கற்படிகள். தூரம் ஒரு கிலோமீற்றர்கூட இல்லை, அதற்குள் 300 மீற்றருக்கு மேல் ஏற்றம். செப்டெம்பர், ஒக்டோபரில் இதில் போட்டியே நடத்துவார்கள். பத்து நிமிடத்துக்குள் ஓடி ஏறுகிறவர்களும் உண்டு. எனக்கு 27 நிமிடம், அதுவும் இரண்டு இடத்தில் சப்பாத்துக் கயிறு கட்டுகிற சாட்டில் நின்று.

இன்று படிகளில் தண்ணீர் சிற்றருவிபோல இறங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் ஒரு கல்லில் வலது கால் வழுக்கி, முழங்கால் அடிபட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. பின்னால் வந்த ஒரு பெண், எழுபது வயதிருக்கும், நின்று “சரியா?” என்றார். சரி என்றேன். அவ்வளவுதான், என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

இங்கே குழந்தைகள் காப்பகத்திலேயே ஒரு பழமொழி சொல்லிக்கொடுப்பார்கள்: கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடைதான் உண்டு. சொன்னவர் மூக்குக்கண்ணாடி போடாதவராகத்தான் இருக்கவேண்டும். ஆனால் உடை விஷயத்தில் பாதி உண்மை உண்டு. முதல் இரண்டு வருடம் நான் பருத்திப் பெனியனும் ஜீன்ஸும் போட்டு ஏறினேன். பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். இப்போது தோலோடு மெல்லிய கம்பளி, அதற்கு மேல் மழைச்சட்டை. வேர்வையில் உள்ளே நனைவதா, மழையில் வெளியே நனைவதா என்பதில் மட்டும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

இந்தப் படிகளால் இறங்கக்கூடாது, ஈரத்தில் இன்னும் மோசம். மேலேயிருந்து ஃப்ளோயன் பக்கம் சுற்றித்தான் இறங்கினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

போகவில்லை. வேலை முடிந்து வந்து, சப்பாத்தைப் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது. கதிரையில் இருந்து பழைய மலைப் படங்களை ஃபோனில் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

மனைவி மீனெண்ணெய் போத்தலைக் கொண்டுவந்து ஒரு கரண்டி நீட்டினாள். மாதத்தின் பெயரில் ‘ர்’ இருந்தால் குடிக்கவேண்டும் என்பது இந்த நாட்டுக் கணக்கு. செப்டெம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். வெயில் இல்லாத மாதங்களுக்கு விற்றமின் டி. விழுங்கிய பிறகு ஒரு மணித்தியாலம் ஏப்பத்தில் கருவாட்டுச் சந்தை.

நவம்பர் 8, சனி

அம்மா அளவெட்டியிலிருந்து எடுத்தா. அங்கேயும் மழையாம்.

“தம்பி, கிணறு நிரம்பிட்டுது. குனிஞ்சு கையால அள்ளலாம் போல கிடக்கு.”

இதைச் சொல்லும்போது அவவின் குரலில் இருந்த சந்தோஷத்தை இங்கே யாருக்கு விளக்குவது? யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்து சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்குகிற தண்ணீரைத்தான் அடுத்த மழைவரை இறைத்துக் குடிக்கவும் தோட்டத்துக்கு விடவும் வேண்டும். வருடத்துக்கு ஏறக்குறைய 1300 மில்லிமீற்றர், அதிலும் பெரும்பங்கு இந்தச் சில மாதங்களில். பேர்கனில் 2000க்கு மேல், வருடம் முழுக்கப் பரவலாக. அத்திலாந்திக்கிலிருந்து வருகிற ஈரக்காற்று எங்கள் மலைகளில் முட்டி மேலெழும்போது குளிர்ந்து, கொண்டுவந்ததையெல்லாம் நகரத்தின் தலையில் கொட்டிவிடுகிறது. நான் ஏறுவதற்கு மலை இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டால் மழைக்கும் அந்த மலையேதான் காரணம். முறையிட இடமில்லை.

“அங்கையும் மழையே?” என்று அம்மா கேட்டா. ஓம் என்றேன். “நல்லது” என்றா.

நவம்பர் 9, ஞாயிறு

உல்ரிக்கன், 643 மீற்றர், பேர்கனைச் சுற்றியுள்ள ஏழு மலைகளில் பெரியது. நேபாளத்து ஷெர்பாக்கள் வந்து கல் அடுக்கிக் கட்டிய 1333 படிகள் இருக்கின்றன. வெயில் நாளில் நான் எண்ணிக்கொண்டு ஏறுவேன். காலநிலைச் செயலியில் மதியத்துக்குப் பிறகு காற்று என்று போட்டிருந்தது. அதற்கு முன் இறங்கிவிடலாம் என்று வெளிக்கிட்டேன்.

காற்று செயலியைப் பார்த்து வருவதில்லை. பாதிக்கு மேல் மரங்கள் குறைந்ததும் மழை மேலிருந்து வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. கையுறை ஊறிவிட்டது, கண்ணாடியைக் கழற்றினால் படி தெரியாது, போட்டால் ஒன்றுமே தெரியாது. 812 ஆவது படியில் ஒரு காற்று அடித்து என்னைக் கல்லோடு சாய்த்தது. அங்கேயே குந்தியிருந்து ஒரு சொக்கலேற் துண்டைத் தின்றேன். விரலால் உறையைப் பிரிக்க முடியாமல் பல்லால் கிழித்தேன். விரல் வேலை செய்யவில்லை என்பதைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன்.

வீட்டில் பிரச்சினை வேறு. ஃப்ளோயன் என்று சொல்லிவிட்டு உல்ரிக்கன் போயிருக்கிறேன். வழியில் மனம் மாறியதைச் சொல்லவில்லை. மனைவி சத்தம் போடவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள், சொதி சூடாக்கவில்லை. அதிலிருந்தே விளங்கியது.

நவம்பர் 10, திங்கள்

பாட்டியிடம் திரும்பி வந்ததை ஒளிக்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை, “மேலே என்ன தெரிந்தது?” என்று நேரே கேட்டுவிட்டார். சொன்னேன். குறுக்கெழுத்திலிருந்து கண்ணெடுக்காமல் “எட்டு” என்றார்.

நோர்வேயின் மலை விதிகள் ஒன்பது. எட்டாவது: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. இங்கே வளர்ந்த எல்லோருக்கும் அது மனப்பாடம். சற்று நேரம் கழித்து, “வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனாயா?” என்றார். நான் பேசாமல் இருந்தேன். “ஒன்று” என்றார். போகும் பாதையைத் திட்டமிட்டு மற்றவர்களுக்கு அறிவி என்பது முதலாவது விதி.

நவம்பர் 16, ஞாயிறு

நாலு மணிக்கெல்லாம் இருட்டு. மகள் வீட்டில் சும்மா இருந்தாள், வா என்றேன். வந்தது எனக்கே ஆச்சரியம். பதினைந்து வயதில் தகப்பனோடு நடக்க வருவதென்றால் வீட்டில் இன்டர்நெற் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

மலையின் இடுப்பைச் சுற்றி, நகரத்துக்கு மேலாகப் போகிற சமதரைப் பாதை இருக்கிறது. ஏற்றமில்லை, விளக்கும் உண்டு. அதிலிருந்து காட்டுக்குள் ஒரு கிளைப்பாதையில் திரும்பி நெற்றி விளக்கைப் போட்டோம். மழையில் நெற்றி விளக்கு பெரிய ஏமாற்று. வெளிச்சம் கண்ணுக்கு முன்னாலுள்ள துளிகளில் பட்டுத் திரும்பும், ஒரு வெள்ளைத் திரைதான் தெரியும். கழற்றிக் கையில் பிடித்து இடுப்பளவில் வைத்தால் கற்களின் நிழல் நீண்டு பாதை பிடிபடும். இதை நான் கண்டுபிடித்ததாக மகளுக்குப் பெருமையாகச் சொன்னேன். “ஐந்தாம் வகுப்பில் எங்களுக்குக் காட்டினவை” என்றாள்.

எதிரே தரையோடு ஒரு பச்சை ஒளி ஆடி ஆடி வந்தது. நாயின் கழுத்துப்பட்டி. நாய் வந்தது, மணந்தது, போனது, கொஞ்சம் கழித்து அதன் ஆள் வந்தார். மூன்று பேரும் “ஹாய்” சொல்லிக்கொண்டோம். நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரனே முகம் பார்க்கமாட்டான், மழைக்காட்டில் எல்லோருக்கும் வணக்கம்.

“மழை கூடுது, திரும்புவமா?” என்றேன்.

“இது மழையா அப்பா? தூறல்” என்றாள்.

நவம்பர் 25, செவ்வாய்

காலை ஏழு மணி வேலைக்குப் போகும்போதே நட்சத்திரம் தெரிந்தது. நிலத்தில் உறைபனி, காற்று அசையவில்லை. ஒன்பதரை மணிக்கு இல்லத்தின் ஜன்னலால் உல்ரிக்கன் முழுதாக, உச்சியிலுள்ள ஒளிபரப்புக் கோபுரத்தோடு, யாரோ கழுவித் துடைத்து வைத்ததுபோல நின்றது. எனக்கு மூன்று மணி வரை வேலை. பாட்டி என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், “இன்று உனக்கு வேலையா?” என்றார். இரக்கம் கொஞ்சமும் இல்லாத சிரிப்பு.

மூன்று மணிக்கு உடை மாற்றியும் மாற்றாமலும் ஓடினேன். சூரியன் மறைய ஐம்பது நிமிடம்கூட இல்லை. ஃப்ளோயனின் அடிவாரத்தில் ரயிலுக்கு நீண்ட வரிசை, பாதையிலும் திருவிழாக் கூட்டம். அலுவலகச் சட்டையோடு, குழந்தை வண்டியோடு, ஒருவர் கேக் பெட்டியோடு. பாதி தூரத்தில் ஒரு வளைவில் எல்லோரும் நின்றுவிட்டார்கள், நானும் நின்றேன். தீவுகளுக்கு அந்தப் பக்கம், கடலோரம் செம்மஞ்சளாக ஒரு கோடு. என் கன்னத்தில் வெயில் பட்டது. சூடு இல்லை, வெளிச்சம் மட்டும். யாரும் பேசவில்லை. நாலு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. மெதுவாக இறங்கினோம்.

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி, உள்ளட்டையை உருவி, பாட்டி தந்த பத்திரிகையில் இரண்டு தாளைக் கசக்கிய பிறகுதான் கைவிட்டுப் பார்த்தேன். உள்ளே காய்ந்தே இருந்தது. கசக்கிய தாளை நீவி, திரும்பக் கட்டோடு வைத்தேன். நாளைக்கு மழை என்று போட்டிருக்கிறது.