அறிவொளி அப்பத்தா
"கதை சொல்லவா, வாசிக்கவாடா?"

கிளை நூலகத்தில் இன்று பிள்ளைகளுக்கான கதை நேரம். வந்திருந்தவர் தோழியின் அப்பத்தா. "வாசிங்க அப்பத்தா" என்றதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வரிக்குக் கீழே சுட்டுவிரல் மெதுவாக ஊர்ந்தது. 'ஞா' வந்த இடத்தில் நின்றது. ஒரு வாண்டு எடுத்துக்கொடுக்கப் பார்த்தான்.

"இரு, நானே வாரேன்."

வந்துவிட்டார்.

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கப் புதுக்கோட்டையில் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் படித்தவராம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். பகலில் கல்குவாரி வேலை, ராத்திரியில் வகுப்பு. அப்புறம் சைக்கிள். ஆமாம், பெண்கள் சைக்கிள் பழகுவதும் அந்த இயக்கத்தில் பாடம்தான்!

ஊருக்குள் முதலில் வந்தது சிலேட்டு இல்லை. வீதி நாடகமும் பாட்டும். வேடிக்கை பார்க்க உட்கார்ந்தவர்கள் மெல்ல வகுப்பிலும் உட்கார்ந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள், பலரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்.

நாம் இப்போது முதலில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறோம். பிறகு, கூட்டம் வரவில்லை என்று புலம்புகிறோம்.

அறிவொளியில் படித்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் நூலகத்துக்குக் கூட்டி வாருங்கள். சைக்கிள் பழகி விழுந்த கதைகளுக்குப் பிள்ளைகள் இப்போதே இடம்பிடித்துவிட்டார்கள்.