கட்டிலுக்கு மேலே சுவரோவியம்: சியன்னாவின் பழைய மருத்துவமனை

இத்தாலியின் சியன்னா நகருக்குப் போகிறவர்கள் முதலில் பேராலயத்துக்குத்தான் ஓடுவார்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குத் தூண்கள், தரை முழுக்கக் கல்லில் இழைத்த சித்திரங்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதன் வாசலுக்கு நேர் எதிரே ஒரு நீண்ட பழைய கட்டடம் நிற்கிறது, சாந்தா மரியா தெல்லா ஸ்காலா. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நோயாளிகள் படுத்திருந்த மருத்துவமனை அது, இப்போது அருங்காட்சியகம். சியன்னாவின் புனிதர் கத்தரீன் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த இடம் என்பதால் அதைத் தேடித்தான் நான் போனேன்.

முகப்பிலும் ஒரு காலத்தில் ஓவியங்கள் இருந்தன. 1335 வாக்கில் சிமோனே மார்த்தினியும் லோரன்செத்தி சகோதரர்களும் அன்னை மரியாவின் வாழ்க்கையை அங்கே வரைந்தார்கள். அவை அழிந்துவிட்டன. அதனால் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்கவே முடியாது.

ரோமுக்கு நடந்துபோன திருப்பயணிகளின் பிரான்சிஜெனா பாதை சியன்னா வழியாகத்தான் போகிறது. கால் வெடித்து, காய்ச்சலோடு வந்து சேர்கிறவர்களுக்குப் படுக்கையும் சோறும் கொடுக்கும் சத்திரமாக இது தொடங்கியது. சொரோரே என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளிதான் இதை ஏற்படுத்தினார் என்பது ஊர் நம்பிக்கை. ஆவணம் என்று பார்த்தால் 1090இல்தான் இதன் பெயர் வருகிறது. அப்புறம் பணக்காரர்கள் நிலங்களை எழுதிவைக்க, வேளாண் பண்ணைகளும் தானியக் களஞ்சியங்களுமாக இது பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

உள்ளே ‘பெல்லெக்ரினாயோ’ என்னும் திருப்பயணிகள் கூடம் இருக்கிறது. நீளமான வார்டு, மேலே வளைந்த கூரை. இரு பக்கச் சுவர்களிலும் 1440களின் தொடக்கத்தில் வரைந்த பெரிய பெரிய சுவரோவியங்கள். வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் தொமேனிகோ தி பார்த்தோலோவும் வெக்கியெத்தாவும். பாடுபட்ட இயேசுவையோ விண்ணகத்தையோ எதிர்பார்த்துப் போனால், அங்கே வரைந்திருப்பது அந்த மருத்துவமனையையேதான்!

‘நோயாளிகளைப் பராமரித்தல்’ என்ற ஓவியத்தின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். நடுவில் தொடையில் காயம்பட்ட ஓர் இளைஞன், உடம்பில் துணி இல்லாமல் நடுங்குகிறவன்போல் இருக்கிறான். பணியாளர் ஒருவர் அவனைக் கழுவித் துடைக்கிறார். ஒரு பக்கம் மருத்துவர்கள் கண்ணாடிக் குடுவையில் சிறுநீரைத் தூக்கிப் பிடித்து ஆராய்கிறார்கள். இன்னொரு பக்கம் பருத்த துறவி ஒருவர் நோயாளியிடம் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்கிறார். பின்னால் பாடை தூக்குகிறார்கள். இத்தனைக்கும் நடுவே முன்பக்கத் தரையில் ஒரு நாயும் பூனையும் சண்டை போடுகின்றன. இந்த நாய்–பூனையை வரைந்தவரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அரசு மருத்துவமனை வராந்தாவில் ஒரு ராத்திரி தங்கியவர்களுக்கு இந்தக் காட்சியில் புதிதாக எதுவும் இருக்காது.

இந்தச் சுவருக்குக் கீழே கட்டில்கள் கிடந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். காய்ச்சலில் கிடப்பவன் கண் திறந்தால், தன்னைப் போன்ற ஒருவனின் காயத்தை இன்னொருவர் கழுவுவதைப் பார்ப்பான். பீடத்தில் வைக்க வேண்டிய அழகையெல்லாம் சீழ் துடைக்கும் கைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே நின்றபடியே ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னேன். சிற்றாலயங்களில்கூட அன்று எனக்கு அவ்வளவு மனம் ஒன்றவில்லை.

கைவிடப்பட்ட குழந்தைகளின் கதை இன்னொரு சுவரில். பச்சைக் குழந்தைகளை இந்த மருத்துவமனை ஏற்றுக்கொண்டு, பால் கொடுக்கச் செவிலித்தாய்களைக் கூலிக்கு வைத்தது, எழுத்து கற்றுக்கொடுத்தது, பெண் பிள்ளைகளுக்குச் சீர் கொடுத்துக் கல்யாணமும் செய்துவைத்தது. தொமேனிகோ இது எல்லாவற்றையும் ஒரே ஓவியத்தில் அடக்கிவிட்டார்: இங்கே பால் குடிக்கும் பிள்ளை, அங்கே மணப்பெண். செவிலித்தாய்களுக்குத் தானியமும் காசும் அளந்து கொடுக்கும் காட்சிகளைக் கூடத்தின் கோடியில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேர்த்திருக்கிறார்கள். கூலி கொடுப்பதையும் பக்திப் படமாக்கியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

வெக்கியெத்தா 1441இல் வரைந்தது சொரோரேயின் தாய் கண்ட கனவு. அநாதைக் குழந்தைகள் ஓர் ஏணியில் ஏறிப் போகிறார்கள். மேலே அன்னை மரியா கை நீட்டி வாங்கிக்கொள்கிறார். சிலுவை வைத்த ஏணிதான் மருத்துவமனையின் சின்னமும்.

பழைய திருப்பண்ட அறையும் தவறவிடக் கூடாதது. கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வந்த திருப்பண்டங்களை, அதாவது இயேசுவோடும் புனிதர்களோடும் தொடர்புடையவை என்று வணங்கப்படும் பொருள்களை, 1359இல் பெரும் விலைக்கு வாங்கினார்கள். சிலுவையில் அடித்த ஆணி என்று வணங்கப்படும் ஒன்றும் அவற்றில் உண்டு. அவற்றை வைக்கத்தான் இந்த அறையை அமைத்தார்கள். கிறிஸ்தவர்களின் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தை வெக்கியெத்தா இங்கே வரி வரியாக ஓவியமாக்கினார். அதே அறையில் தொமேனிகோவின் ‘போர்வை அன்னை’யும் இருக்கிறார்: விரித்த மேலாடைக்குள் பெரியவர் எளியவர் எல்லாரும் அடைக்கலம்.

ஒட்டியுள்ள ஆலயத்தில் செபாஸ்தியானோ கோன்கா 18ஆம் நூற்றாண்டில் வரைந்த பெத்சதா குளம் பீடத்துக்குப் பின்னால் சுவரை நிறைத்து நிற்கிறது. 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவரை இயேசு எழுப்பிய இடம். மருத்துவமனை ஆலயத்துக்குப் பொருத்தமான காட்சிதான். ஆனால் எனக்கு அதில் ஆடம்பரம் கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

கீழ்த்தளங்களுக்கு இறங்கினால் ‘இரவின் புனித கத்தரீன்’ செபக்கூடம் வரும். பகலில் நோயாளிகளுடன் இருந்துவிட்டு, இரவில் அவர் செபித்து, சற்றுக் கண்ணயர்ந்த இடம் என்கிறார்கள். சின்ன அறை, அவர் படுத்திருக்கும் சிலை உள்ளே. 1380இல், 33 வயதில், ரோமில் இறந்தவர். தலை மட்டும் சியன்னாவில் புனித தோமினிக் ஆலயத்தில் இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிட நடைதான். அங்கே போக நினைப்பவர்கள் மருத்துவமனைக்குக் காலையிலேயே வந்துவிடுங்கள். கூடத்துக்கு மட்டுமே ஒரு மணி நேரம் பிடிக்கும்.