கொதிக்கவைத்த பிறகும் கிருமி இருந்தது

மகளுக்கு ஒரே மாதத்தில் இரண்டாவது முறை வயிற்றுப்போக்கு வந்தபோதுதான் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தேன். அதுவரை, பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கிறதே, இதில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்திருந்தோம்.

மாதிரி எடுப்பதே தனி வேலை. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், மூடியின் உட்பக்கம் விரல் படக்கூடாது, ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான் முதல் தடவை மறுநாள் எடுத்துப்போனேன், வாங்கவில்லை.

சோதனை முடிவில் ஈ.கோலை என்ற குடல் கிருமி இருந்தது. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாதது. மலம் கலந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். இதையா பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்தோம் என்று மனசு ஆறவே இல்லை.

சரி, கொதிக்கவைப்போம் என்று ஆரம்பித்தோம். தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம் போதும் (2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதி என்றால் 3 நிமிடம்). மூன்று வாரம் கழித்து, குடிக்கும் குடத்திலிருந்தே மறுபடி மாதிரி கொடுத்தேன். திரும்பவும் ஈ.கோலை! ஆய்வகத்தில் இருந்த அம்மா ஒன்றுதான் கேட்டார்: "எப்படி எடுத்துக் குடிக்கிறீங்க?" டம்ளரை உள்ளே விட்டு மொண்டுதான், அதுவும் பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்த கையோடு. கொதித்து ஆறிய தண்ணீரில் அதன்பின் விழும் கிருமியைத் தடுக்க எதுவுமே கிடையாது, இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மூடியும் குழாயும் வைத்த பாத்திரத்துக்கு மாறினோம். எரிபொருள் இல்லாத நாட்களில் குளோரின் மாத்திரை. அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி போட்டு 30 நிமிடம் விட வேண்டும். மழையில் கலங்கிய தண்ணீர் என்றால் முதலில் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். லேசாக மருந்து வாடை அடிக்கும், பழகிவிடும்.

தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக் போன்ற வேதிப்பொருட்கள் கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். அதனால் கிருமியோடு இவற்றையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது சோதனையில் சுத்தம் என்று வந்தது. ஆனால் அது எங்கள் பாத்திரத்துத் தண்ணீர்தான். கிணற்றுக்குப் பக்கத்திலேயே கழிவறைக் குழி இன்னும் இருக்கிறது, 2010இல் ஐ.நா. பொதுச்சபை சுத்தமான குடிநீரை மனித உரிமை என்று அறிவித்தும்கூட. குழியை இடம் மாற்றித் தரக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம், அந்தக் கிணற்றில் இறைக்கும் எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.