வார்ப்பிரும்பில் விழுந்த கயிற்றுத் தடம்

ஸ்மெதிக்கில் வீடு பிடித்தபோது, பர்மிங்காமுக்குப் பக்கம், வாடகை குறைவு என்பதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரி டியூட்டி, பஸ், வீடு என்றே முதல் குளிர்காலம் போனது. ஊரோடு ஒட்டுதல் வந்தது மே மாதத்து ஞாயிறு ஒன்றில், தண்ணீரின் மேல்.

மூன்று தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கால்வாயில் ஓடும் ஒடுங்கிய நீளப் படகான நேரோபோட் ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்து, பர்மிங்காம் நகர மையத்தில் கால்வாய்ப் படகுகள் நிற்கும் கேஸ் ஸ்ட்ரீட் பேசினிலிருந்து கிளம்பினோம். படகின் அகலம் ஏழடிக்கும் குறைவு. வேக வரம்பு மணிக்கு 4 மைல். சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும், அதுவும் நிதானமாக. "தள்ளிட்டு சும்மா இருங்க தம்பி, தானா திரும்பும்" என்றார் படகு ஓட்டிப் பழகிய அண்ணன் ஒருவர். கரையில் நாயோடு நடப்பவர்கள் எங்களை முந்திப் போனார்கள், போகும்போது நலமும் விசாரித்தார்கள். பஸ் நிறுத்தத்தில் முகம் பார்க்காத அதே ஊர்க்காரர்கள்தான். அது எனக்குப் பெரிய விஷயம்.

பழைய வார்ப்பிரும்புப் பாலங்களின் ஓரங்களில் விரல் பதியும் அளவுக்குப் பள்ளங்கள். கரையில் குதிரை இழுக்க, மணலும் ஈரமும் ஏறிய கயிறு வருடக்கணக்கில் உரசி இரும்பையே அறுத்திருக்கிறது. என் அப்பா கோவை கணபதியில் மோல்டராக இருந்தவர். மண் இடித்து அச்செடுப்பதையும் குப்போலா உலையில் உருகிய இரும்பை ஊற்றுவதையும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் தடங்களைத் தொடாமல் வர முடியவில்லை.

ஸ்மெதிக்கில் கால்வாய் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லியின் பழைய பாதை. 1769இல் நிலக்கரிக்காகத் திறந்தது. மேட்டில் ஏற மூன்று லாக்குகள், அதாவது படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள்: கதவை மூடி, மதகைத் திறந்து, தொட்டி நிரம்ப நிரம்பப் படகு உயர்வதைப் பிள்ளைகள் கத்திக் கொண்டாடினார்கள். தொடக்கத்தில் லாக்குகள் ஆறு. 1790இல் மேட்டை வெட்டித் தாழ்த்திய பிறகு மூன்று மிஞ்சின. ஒவ்வொரு முறை லாக்கைத் திறக்கும்போதும் லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அதைத் திரும்ப மேலேற்ற 1779இல் மேத்யூ போல்டனும் ஜேம்ஸ் வாட்டும் இங்கே ஒரு நீராவி இயந்திரத்தை நிறுவினார்கள். 1891 வரை உழைத்த அது, இப்போது பர்மிங்காமின் திங்க்டேங்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் தினமும் பஸ்ஸுக்கு நிற்கும் ஊரில் இது நடந்திருக்கிறது! என் தெருவின் பஞ்சாபிப் பெரியவர்கள் 1960களில் வந்து வேலைக்குச் சேர்ந்ததும் இந்தப் பக்கத்து ஃபவுண்டரிகளில்தான். அவர்கள் சொன்ன கதைகள் அப்போதுதான் எனக்குள் இடம் பிடித்து உட்கார்ந்தன.

ஸ்பான் லேனில் மறுபடி மூன்று லாக் இறங்கி, பின்னாளில் வந்த பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் புதிய பாதையில் திரும்பினோம். நேர்க்கோடு. லாக்கே கிடையாது. தலைக்கு மேல் பழைய கால்வாய் ஒரு பாலத்தில் குறுக்கே போகிறது, அதற்கும் மேல் எம்5 நெடுஞ்சாலை. லாரிச் சத்தம் கீழே வரை கேட்கிறது. இதைப் பார்க்காமல் உணவகங்கள் நிறைந்த பிரிண்ட்லி பிளேஸோடு திரும்பிவிடுகிற நண்பர்களை நான் இப்போது விடுவதில்லை. ஸ்மெதிக் வரை வாருங்கள் என்று பிடித்து இழுக்கிறேன்.

அடுத்து கால்டன் பாலம். 1829இல் டிப்டனின் ஹார்ஸ்லி ஆலை வார்த்தது, 150 அடி அகலத்தை ஒரே வளைவில் தாண்டுகிறது. அடியில் படகை மெதுவாக விட்டு, அண்ணாந்து படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஊரில் அப்போது இரவு. உடனே கூப்பிட்டார்.

"ஒரே வார்ப்பா இருக்காதுப்பா. எத்தனை துண்டாப் போட்டு ஜாயின்ட் பண்ணியிருக்காங்க?"

படகு அதற்குள் நகர்ந்துவிட்டது. வீட்டிலிருந்து அந்தப் பாலம் நடக்கிற தூரம்தான். அடுத்த லீவு நாளில் கரையில் நின்று இணைப்புகளை எண்ணிச் சொல்கிறேன் என்றேன். "துண்டுங்க சேருற ஃபிளேஞ்சையும் பக்கத்துல போட்டோ எடு" என்றார்.