சொல்லிசைக்காரரும் ஆர்மோனியப் பெட்டியும்

பிப்ரவரி 20, 2025, காரைக்குடி

இன்று ராப் பாடகர் ஹிப்ஹாப் தமிழா ஆதிக்கு 35 வயது நிறைகிறது. பாட்டுக்காரர் எதற்காக நடிக்க வந்தார் என்று நண்பர்கள் கேலி பேசுவதாக என் அக்காள் மகன் வருத்தப்பட்டான். "நீங்க சொல்லுங்க மாமா, அது தப்பா?" என்று கேட்டான். ஸ்பெஷல் நாடக மேடையில் இருபத்தாறு ஆண்டுகளாக ஆர்மோனியம் வாசிக்கிற எனக்கு அந்தக் கேலிதான் விளங்கவில்லை. எங்கள் மேடையில் பாடத் தெரியாதவருக்கு ராஜபார்ட் என்னும் நாயக வேடம் கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டைத் துணையாகக் கொண்டு, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து இறங்கிய இருவர், ஒத்திகை ஏதுமின்றி நாரதராகவும் வள்ளியாகவும் நின்று இரவெல்லாம் தர்க்கம் செய்வார்கள். எதிராளி விட்ட சொல்லை அந்த நொடியிலேயே எதுகையோடு பிடித்துத் திருப்பி எறிவார்கள். ராப் என்கிற சொல்லிசையை இந்தத் தொழிலுக்கு உறவாகவே நான் பார்க்கிறேன். ஆதி வந்த வழியை இந்த மாதம் வரிசையாகக் கேட்டும் பார்த்தும் எழுதி வைக்க எண்ணியிருக்கிறேன்.

பிப்ரவரி 24

ஆதி கோயம்புத்தூரில் வளர்ந்து பொறியியல் படித்த பிள்ளை. அவருக்கு முன்பே மலேசியத் தமிழரான யோகி பி 2006இல் தம் நட்சத்ரா குழுவோடு 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டிருந்தார். கொண்டுவிற்கப் போன செட்டிமார் காலம் தொட்டே மலேயாவோடு கொடுக்கல் வாங்கல் உள்ள எங்கள் சீமைக்குத் தமிழ்ச் சொல்லிசையும் கடல் கடந்து வந்ததில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

ஆதி பெயர் பெற்றது 2011இல் பரவிய 'கிளப்புல மப்புல' பாட்டினால். இன்று மறுபடி கேட்டேன். தாளத்தில் சொல் உட்காரும் விதம் அருமை. பெண்களின் மேல் பழியைப் போடும் கருத்து எனக்கு உடன்பாடில்லை. எங்கள் மேடையிலும் பபூன் வேடக்காரர் நடனப் பெண்ணை மட்டம் தட்டிக் கைதட்டல் வாங்குவதுண்டு; அது சுலபமாகக் கிடைக்கிற கைதட்டல். அடுத்த ஆண்டு வந்த 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பில் மொழியைப் பற்றிப் பாடுகிற இடங்களில்தான் அவருடைய குரல் உண்மையாக விரிகிறது.

மார்ச் 3

ஆதியும் அவருடைய நண்பர் ஜீவாவும் சேர்ந்ததுதான் ஹிப்ஹாப் தமிழா. 2015இல் 'ஆம்பள' படத்தின் வழியே இசையமைப்பாளர்களானார்கள். அதே ஆண்டு 'தனி ஒருவன்' அவர்களை நிலைநிறுத்தியது. இரண்டே ஆண்டுகளில், 2017இல், சுந்தர் சி. தயாரிப்பில் 'மீசைய முறுக்கு' வந்தது. எழுத்து, இயக்கம், நாயகன் வேடம் எல்லாம் ஆதியே. கதையும் பெரும்பாலும் அவருடைய கதையே. தந்தையாக நடித்தவர் விவேக்.

நேற்றிரவு அந்தப் படத்தை இரண்டாம் முறையாகப் பார்த்தேன். தந்தையும் மகனும் பேசுகிற காட்சிகளில் விவேக் ஒரு தேர்ந்த ஆர்மோனியக்காரரைப் போல நடந்துகொள்கிறார்; இளைய நடிகர் தடுமாறக்கூடிய இடத்தில் தாம் சுருதியில் ஒரு கட்டை குறைத்துக்கொண்டு, அவர் ஏறி வருவதற்கு இடம் விடுகிறார். ஆதியின் நடிப்பில் குறை உண்டு. பேசும்போது மூச்சின் கணக்கு அவருக்குத் துணை நிற்கிறது. பேசாமல் நிற்க வேண்டிய காட்சியில் அடுத்த சொல்லுக்காகப் பரபரக்கிறார். பாடிப் பழகிய நடிகர்கள் பலரிடம் இதைக் கண்டிருக்கிறேன், மௌனத்துக்கும் ஒரு தாளம் உண்டு என்பது அவர்களுக்கு மெதுவாகத்தான் பிடிபடும். ஆனாலும் தன் வாழ்க்கையைத் தானே எழுதி, அதைத் தன் முகத்தாலேயே சொல்லத் துணிந்த அந்த இருபத்தேழு வயதுக்காரரை என்னால் மதிக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. படத்தில் ஜீவா என்ற நண்பன் வருகிறான். அந்த வேடத்தில் நடித்தவர் விக்னேஷ்காந்த். உண்மையான ஜீவா திரைக்குப் பின்னால் இசையோடு இருந்துவிட்டார்.

மார்ச் 9

பின்னர் வந்த படங்களைச் சுருக்கமாகவே குறிக்கிறேன். 2019இல் ஹாக்கி ஆட்டத்தைச் சுற்றிய 'நட்பே துணை', அடுத்த ஆண்டு 'நான் சிரித்தால்', 2021இல் 'சிவகுமாரின் சபதம்', 2022இல் 'அன்பறிவு', 2023இல் 'வீரன்', 2024இல் 'பி.டி. சார்'. அதே 2024இல் தாமே தயாரித்து இயக்கிய 'கடைசி உலகப் போர்'. நெசவுக் குடும்பத்தின் கதை என்பதால் 'சிவகுமாரின் சபத'த்தை ஆவலோடு பார்த்தேன். கண்டாங்கி நெய்கிற தறிகளின் ஓசையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, படத்தில் தறி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்றே தோன்றியது. இவற்றுக்கு நடுவே 2023இல் பாரதியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றிருக்கிறார்.

இந்தப் படங்களைவிட எனக்கு நெருக்கமானது 'தமிழி' ஆவணத் தொடர். தமிழ் எழுத்தின் பிறப்பைத் தேடி அலைந்த அந்தத் தொடரைத் தம் யூடியூப் பக்கத்தில் அனைவருக்கும் இலவசமாகவே கொடுத்தார். ஆதன் என்ற பெயர் கீறிய பானை ஓடு கிடைத்த கீழடி எங்கள் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதன் அருங்காட்சியகத்துக்கு அக்காள் மகன் என்னை அழைத்துப் போனது இந்தத் தொடரைப் பார்த்த பிறகுதான்.

மார்ச் 17

மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாக் காலம். நேற்றிரவு பக்கத்துக் கிராமத்தில் 'வள்ளி திருமணம்' நாடகம். பெட்டிக்கு அருகே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அக்காள் மகன் உடன் வந்தான். இரவு இரண்டு மணிக்கு மேல் நாரதர் தர்க்கத்தில் சொல் கிடைக்காமல் ஒரு கணம் நின்றார். நான் அவர் விட்ட அடியையே பின்பாட்டாக இரண்டு முறை இழுத்துப் பாடினேன். அதற்குள் அவருக்கு அடுத்த எதுகை அகப்பட்டுவிட்டது. கூட்டம் அவருக்குக் கைதட்டியது, அது நியாயமானதே.

விடிந்து பேருந்துக்கு நிற்கும்போது அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, ஜீவாவுக்கும் ஆதிக்கும் நடுவுல இப்படித்தான் இருந்திருக்குமோ?" என்று கேட்டான். இருந்திருக்கும் என்றேன். வீட்டுக்கு வந்தவுடன் தான் எழுதி வைத்திருந்த பதினாறு வரிகளை எடுத்து வந்து, எந்தக் கட்டையில் தொடங்கலாம் என்று கேட்டான். தூக்கக் கலக்கத்தோடேயே பெட்டியைத் திறந்தேன்.