இருட்டறையில் பத்து வரை எண்ணுதல்

மட்டக்களப்பு நகரில் அப்பா நடத்திய சிறிய ஒளிப்பட ஸ்டூடியோவின் இருட்டறையில், சித்திரை வெயிலுக்குக் குழாய்த் தண்ணீரே முப்பது பாகை செல்சியஸில் வரும். படத்தை வெளிக்கொணரும் மருந்தான டெவலப்பருக்கோ இருபது பாகை வேண்டும். ஆகவே, மருந்துத் தட்டைச் சுற்றி ஐஸ் கட்டிகளை அடுக்கி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நிற்பது பள்ளி விடுமுறைகளில் என் வேலையாக இருந்தது. வெப்பநிலையில் அவ்வளவு கண்டிப்பாக இருந்த அப்பா, தாளுக்கு ஒளி கொடுக்கும் நேரத்தை மட்டும் வாயால் எண்ணியே கணித்தார்.

உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்த நாட்களில், சிவப்பு விளக்கின் கீழ் கைக்கடிகாரத்தைப் பிடித்தபடி அந்த எண்ணிக்கையை ஒருநாள் அளந்து பார்த்தேன். அடையாள அட்டைப் படங்களுக்கு அவருடைய பத்து சரியாகப் பத்து விநாடியாகவே இருந்தது. மணப்பெண்ணின் படத்துக்கோ எட்டு விநாடிக்குள் முடிந்தது. ஒளி குறைந்தால் முகம் வெளுக்கும். "பத்துத்தானே மனே எண்ணின நான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

பிரான்ஸின் நான்சி நகரப் பேராசிரியர் ரெனே புளோந்லோவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த எட்டு விநாடிதான் நினைவுக்கு வருகிறது. 1903இல் அவர் அறிவித்த புதிய கதிர்களுக்குத் தம் ஊர்ப்பெயரின் முதலெழுத்தான N-ஐக் கொண்டு 'என்' கதிர்கள் என்று பெயரிட்டார். (தமிழில் இதை 'என்னுடைய கதிர்கள்' என்றும் படிக்கலாம், அதுவும் பொருந்தும்.) இக்கதிர் பட்டால் சிறு மின்பொறி சற்றே பிரகாசமாகும் என்றார். கண்ணை நம்பாதவர்களுக்காக ஒளிப்படங்களையும் காட்டினார்: கதிர் மறைக்கப்பட்டபோது ஒரு பதிவு, மறைக்கப்படாதபோது இன்னொன்று, இரண்டாவது தெளிவாகவே கூடுதல் பிரகாசம்.

1904இல் அந்த ஆய்வுகூடத்துக்குச் சென்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர் ராபர்ட் வூட், கதிர்களைப் பிரிப்பதாகச் சொல்லப்பட்ட அலுமினிய முப்பட்டகத்தை இருட்டில் ஓசையின்றி எடுத்துவிட்ட பின்பும் புளோந்லோ அளவுகளை வாசித்துக்கொண்டிருந்தார் என்ற கதை பலருக்கும் தெரியும்; அப்படியொரு கதிரே இல்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஒளிப்படங்களைப் பற்றி வூட் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுப்பிய ஐயம். இரு பதிவுகளும் ஒளியை உணரும் ஒரே ஒளிப்படத் தட்டில் விழுந்தவை; ஒரே மருந்தில் ஒன்றாகக் கழுவப்பட்டவை; ஆகவே கழுவியதில் குறை சொல்ல வழியில்லை. ஆனால் அந்தத் தட்டை மறைப்புக்கும் திறப்புக்கும் மாற்றி மாற்றி, பலமுறை, கையால் நகர்த்தினார்கள். எந்தப் பக்கம் பிரகாசமாக வரவேண்டும் என்று அறிந்த கை அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஓர் இமைப்பொழுது கூடுதலாகத் தங்கினாலும், அத்தனையும் சேர்ந்து தட்டில் கறுப்பாகப் படியும்; ஒளி கூடப் பட்ட இடமே தட்டில் கூடுதலாகக் கறுக்கும். பின்னாளில் அகச்சிவப்பு, புறஊதாப் படங்களை எடுத்துக் காட்டிய வூடுக்குத் தட்டின் குணம் தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

தடுக்கும் வழியும் அப்போதே இருந்தது. தட்டில் விழும் ஒளிக்கும் கழுவிய பின் படியும் கறுப்புக்கும் உள்ள தொடர்பை ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இரு வேதியியலாளர்கள் 1890இலேயே அளந்து வரைபடமாக்கியிருந்தார்கள். படிப்படியாகக் கூடும் ஒளியை ஓர் அளவுகோலாகத் தட்டின் ஓரத்தில் பதித்து, தட்டை நகர்த்தும் வேலையை ஒரு பொறியிடம் விட்டிருந்தால், வாதம் இவ்வளவு நீண்டிருக்காது.

ஒளிப்படத் தட்டைச் சாட்சியாகக் கொள்ளவே கூடாது என்பதல்ல. 1896 மார்ச் 1இல், மேகமூட்டத்தால் வெயில் படாமல் யுரேனிய உப்போடு இழுப்பறையில் கிடந்த தட்டுகளைக் கழுவிய பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் பெக்கரல், வெயில் பட்டால்தான் அந்த உப்பு கதிர் வீசும் என்று நம்பியதால், மங்கலான உருவையே எதிர்பார்த்தார். அழுத்தமான உரு வந்தது. அங்கே தட்டு, கழுவியவரின் எதிர்பார்ப்பை மறுத்துப் பேசியது.

அந்தக் கலியாணப் படத்தை அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சரியாகப் பத்து விநாடி கொடுத்து மறுபடி அச்சிட்டார். பெண் வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, முந்தினதையே தரும்படி கேட்டு வாங்கிப் போனார்கள்.