எல்லாரும் கொண்டாடும் கேம், எனக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை?

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்கிற கௌபாய் கேம் பிடிக்கவில்லை என்று கேம் ஆடுகிற நண்பர்கள் நடுவில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அப்புறம் வரிசையாகக் கேள்வி வரும். எத்தனை மணி நேரம் ஆடினாய், எந்தச் சேப்டர் வரை போனாய், ஹெட்போன் போட்டு ஆடினாயா, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஆடினாயா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு தீர்ப்பு: "உனக்குப் பொறுமை இல்லை மச்சி."

இந்தத் தீர்ப்புதான் எனக்கு ஒத்துவரவில்லை. நல்ல கேம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. 2018 அக்டோபரில் வந்தது, 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது, வேலன்டைன் என்கிற அந்தச் சின்ன ஊரின் தெருச்சேற்றில் காலை வெயில் விழுவதைப் பார்த்தாலே எத்தனை பேர் எத்தனை நாள் உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள் என்று தெரியும். அதில் நாம் ஆடுகிற ஆர்தர் மோர்கன் மாதிரி ஒரு கதாபாத்திரம் கேம்களில் அபூர்வம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் கை தானாகப் போனைத் தேடுகிறது.

ஆரம்பமே கஷ்டம். 1899, டச் வான் டெர் லிண்டின் கொள்ளைக் கூட்டம் ஒரு கொள்ளை சொதப்பி, பனிமலைக்குள் தப்பி வந்து கோல்ட்டர் என்ற பாழடைந்த இடத்தில் ஒதுங்கியிருக்கிறது. முழங்கால் வரை பனி, ஓட முடியாது. கூட்டத்து ஆள் ஜேவியர் முன்னால் போகிறான், நாம் பின்னாலேயே போக வேண்டும், பேசிக்கொண்டே போக வேண்டும், மேலே ஓநாய் கடித்துக் கிடக்கிற ஜான் மார்ஸ்டனைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இந்த முதல் சேப்டர் முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் பணம் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, பனி விலகி, பச்சைப் புல்வெளி கண்ணில் பட்டு, "ஓ, இதுதான் கேமா" என்று தெரியவரும்போது ரீஃபண்ட் கதவு சாத்திவிட்டது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன், கணக்கு அப்படி அமைந்துவிட்டது.

என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இதைச் செய்த ராக்ஸ்டார் கம்பெனி என்றால் நமக்கு ஜிடிஏ வைஸ் சிட்டிதான். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, மிஷன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பேன்சர்" என்று தட்டினால் வானத்திலிருந்து விழுகிற டாங்கியில் ஏறி, போலீஸ் நட்சத்திரம் ஆறும் எரிகிற வரை ஊரைக் கலக்கிவிட்டு எழுந்து போன தலைமுறை நாங்கள். கதை என்ன, டாமி யார், எதற்கு மயாமி மாதிரி ஒரு ஊர், ஒன்றும் தெரியாது. அதே கம்பெனியின் கேம் என்று நம்பி வந்து உட்கார்ந்தால் குதிரைக்கு ஓட்ஸ் ஊட்டு, உடம்பைத் தேய்த்துவிடு, துப்பாக்கிக்கு எண்ணெய் போடு, தாடி வளர்ந்துவிட்டது போய் மழி என்கிறது.

சரி, அதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் புகார் கேம் மெதுவாகப் போகிறது என்பது இல்லை.

ஒரு வீட்டுக்குள் போகிறீர்கள் என்று வையுங்கள். மேஜையில் மூன்று இழுப்பறை. பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், ஆர்தர் குனிவான், இழுப்பறையை இழுப்பான், உள்ளே இருக்கிற சிகரெட் அட்டையை எடுப்பான், பைக்குள் போடுவான். அப்புறம் அடுத்த இழுப்பறை. முதல் தடவை பார்க்கும்போது அடடா என்றுதான் இருந்தது, பொருள் சட்டென்று மறைந்து பைக்குள் போகாமல் நிஜமாகவே கையால் எடுக்கிறானே என்று. அதற்கப்புறம் ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு அலமாரியிலும், ஒவ்வொரு பிணத்தின் பாக்கெட்டிலும் அதே அசைவு, பத்திரப்பதிவு ஆபீசில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுகிற மாதிரி. நான் செய்வது பட்டனை அழுத்திப் பிடிப்பது மட்டும். மானை வேட்டையாடினாலும் அதே கதை. அம்பு எய்வது வரை நான், தோலை உரிப்பது அவன். உரித்து முடிக்கும்வரை நான் பார்வையாளன்.

இதன் உச்சம் குதிரைப் பயணம். மேப்பில் போகவேண்டிய இடத்தைக் குறித்துவிட்டு சினிமா கேமராவைப் போட்டால், பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாலே போதும், குதிரை தானாக வழி பிடித்துப் போகும். கேமரா ஒருதரம் பக்கத்திலிருந்து, ஒருதரம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழகழகாகக் காட்டும். இதை வசதி என்று புகழ்கிறார்கள். எனக்கோ, "நீ ஆடவேண்டாம் தம்பி, சும்மா பார்த்துக்கொண்டிரு" என்று கேமே வாய்விட்டுச் சொன்ன மாதிரி இருந்தது.

சரி, மிஷனிலாவது கையைக் கட்டாமல் விடுகிறதா என்றால் அங்கேதான் கட்டு இன்னும் இறுக்கம். வெளி உலகில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரிடம் வேண்டுமானாலும் வம்பிழுக்கலாம். மிஷன் தொடங்கியதும் மேப்பில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டின் வழியே போக வேண்டும். பாறைக்குப் பின்னால் சுற்றிப் போய்ப் பின்பக்கமாகத் தாக்கலாமே என்று நாலடி நகர்ந்தால் கூட்டத்தை விட்டுவிட்டாய், மிஷன் தோல்வி என்று திரை மங்கும். எங்கே ஒளிய வேண்டும், எப்போது சுட வேண்டும், எந்தக் குதிரையில் ஏற வேண்டும் என்று எல்லாமே முன்கூட்டி முடிவானது. அவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டிவிட்டு, மிஷனில் அதைத் தொடாதே என்பது என்ன நியாயம்? இதை ரசிகர்களே ஒத்துக்கொள்வார்கள், ஆனால் உடனே "கதைக்காக" என்பார்கள். கதைக்காகத்தான் என்றால் யூடியூபில் கட்ஸீன்களை, அதாவது கதை சொல்கிற காட்சிகளை மட்டும் கோர்த்துப் போட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

பட்டன் விவகாரம் தனி. எதிரே வருகிறவனுக்கு வணக்கம் சொல்ல அவனை நோக்கித் திரும்புகிற பட்டனும், கையில் துப்பாக்கி இருந்தால் குறி வைக்கிற பட்டனும் ஒன்றே. வேலன்டைனில் ஒருவரிடம் மரியாதையாகப் பேசப் போய் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டி, அவர் அலறி ஓடி, ஊரே கூடி, ஷெரீப் வந்து, கடைசியில் தலைக்கு விலை வைத்துவிட்டார்கள். சிரிப்பு வந்தது என்னவோ உண்மை. அந்த ஐந்து நிமிடம்தான் அந்தக் கேமில் நான் நிஜமாக ஆடிய நேரம் என்றும் தோன்றியது.

பொறுமை இல்லாதவன் என்று சொல்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு சாட்சி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கேம் டெத் ஸ்ட்ராண்டிங். 2019 நவம்பரில் வந்தது, ஹிடியோ கோஜிமா செய்தது, பாதிப் பேர் "இது கூரியர் வேலை பார்க்கிற கேம்டா" என்று முதல் நாளிலேயே மூட்டை கட்டிவிட்டார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. சாம் என்பவன் முதுகில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடக்கிறான். அவ்வளவுதான். வேகத்தைப் பார்த்தால் ரெட் டெட்டைவிட மெது.

ஆனால் அந்த நடை என் கையில் இருக்கிறது. சுமையை எப்படி அடுக்குவது என்பதில் தொடங்கி, சரிவில் இறங்கும்போது சாய்ந்துவிடாமல் கன்ட்ரோலரின் எல்2, ஆர்2 பட்டன்களை அழுத்திச் சமநிலை பிடிப்பது வரை எல்லாம் நான்தான். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் தோள்பட்டையை இறுக்கிக்கொண்டு நிதானமாக நடப்பான். ஆற்றைக் கடக்கும் முன் ஸ்கேன் பண்ணினால் நீலம், மஞ்சள், சிவப்பு என்று ஆழம் தெரியும். மஞ்சளில் இறங்கலாமா, கொஞ்சம் மேலே போய்ச் சுற்றி வரலாமா, இருக்கிற ஒரே ஏணியை இங்கேயே போட்டுவிடலாமா, மழை வேறு பிடித்தால் பெட்டிகள் துருப்பிடிக்குமே. ஒரு கல் தடுக்கினால் மொத்தச் சுமையும் தண்ணீரோடு போகும், பின்னாலேயே ஓடிப் பொறுக்க வேண்டும். முன்பின் தெரியாத யாரோ போட்டுவைத்த பாலம் நம் ஆற்றின் மேல் திடீரென்று நிற்கும், அதைக் கடந்ததும் ஒரு லைக் தட்டிவிட்டுப் போகலாம். பத்து நிமிடம் நடந்து ஒரு மேட்டைக் கடந்தால் எனக்கு வியர்த்துவிடும். ரெட் டெட்டில் அரை மணி நேரம் குதிரையில் போனாலும் எதுவும் செய்த மாதிரி இருக்காது. மெதுவாகப் போவதை விளையாட்டாக ஆக்கினார்களா, காட்சியாக ஆக்கினார்களா என்பதுதான் எனக்கு வித்தியாசம்.

இதைச் சொல்லி ரெட் டெட்டை இரண்டு முறை முடித்த நண்பனிடம் டெத் ஸ்ட்ராண்டிங்கைத் திணித்தேன். அவன் இரண்டாம் நாளே எடுத்து வைத்துவிட்டான். "ஆபீஸ் முடிஞ்சு வந்து இங்கேயும் வேலையா? ரெட் டெட்ல நான் ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா அந்த ஊர்ல இருந்தா போதும்" என்றான். எனக்கு எது குறையோ அதுவேதான் அவனுக்கு நிறைவு. இதற்கு மேல் இதில் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை.

விட்சர் 3 விஷயத்தில் என் நிலைமை இன்னும் விசித்திரம். 2015 மே மாதம் வந்ததிலிருந்து ஊரே புகழ்கிறது. நாயகன் கெரால்ட்டை நடக்கவைப்பதே முதலில் பெரும்பாடாக இருந்தது, கதவுக்கு நேரே நிறுத்தப் பார்த்தால் இரண்டடி தாண்டிப் போய் நிற்பான். புகார் அதிகமாகி, மாற்று நடை என்று ஒரு அமைப்பையே ஜூலையில் வந்த அப்டேட்டில் சேர்த்தார்கள். வாள்சண்டை எனக்கு ருசிக்கவே இல்லை. ஆனால் வெலன் என்கிற பகுதியில் வருகிற அந்த பிளடி பாரன் என்ற பிரபுவின் கதை, குடித்துவிட்டு மனைவியை அடித்து, குடும்பத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிற அந்த ஆளை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் நம்மைத் திண்டாட வைக்கிறார்களே, அதற்காகவே தொடர்ந்து ஆடினேன். அப்புறம் ஸ்கெல்லிகே தீவுகள் வந்தன. மேப்பைத் திறந்தால் கடல் முழுக்கக் கேள்விக்குறி. படகை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மிதக்கிற பீப்பாய், உள்ளே கடத்தல் சரக்கு. அடுத்த கேள்விக்குறிக்குப் போனாலும் பீப்பாய். அங்கே என் ஆர்வம் மூழ்கியதுதான், திரும்ப மேலே வரவே இல்லை. உலகம் அழியப்போகிறது, வளர்ப்பு மகளைத் தேட வேண்டும், நானோ சாராயக்கடை சாராயக்கடையாகப் போய் குவென்ட் சீட்டாடிக்கொண்டிருந்தேன். அந்தச் சீட்டாட்டம் மட்டும் இன்றைக்குக் கூப்பிட்டாலும் ஆடுவேன்.

எல்டன் ரிங் என்னிடம் தோற்றதற்குக் கேம் மேல் பழி போட முடியாது. குகையை விட்டு வெளியே வந்த மறுநிமிடம் தங்கக் கவசம் போட்ட குதிரைவீரன் ஒருவன் நிற்கிறான், போய் முட்டினால் இரண்டு அடியில் சாவு. அவனைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று நீயாகவே கண்டுபிடி என்பதுதான் அந்தக் கேமின் முதல் பாடம், எனக்கு அது பிடித்தும் இருந்தது. பிரச்சினை என்ன தெரியுமா? நினைத்தவுடன் ஆட்டத்தை நிறுத்திவைக்க முடியாது. மெனுவுக்குள் விளக்கப் பக்கத்தைத் திறந்தால் நிற்கும் என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது, அதைத் தேடி விரல் போவதற்குள் மார்கிட் என்கிற பெரிய எதிரி தடியால் மண்டையில் போட்டுவிடுவான். எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. கேஸ் சிலிண்டர்காரர் மணி அடிப்பார், அம்மா பருப்பை இறக்கச் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டாச்சா என்பார். திரும்பி வந்தால் திரையில் செத்துக் கிடப்பேன், சேர்த்துவைத்த ரூன், அதாவது அந்தக் கேமின் காசு, எல்லாம் தரையில். எல்டன் ரிங்கைச் செய்த அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் கம்பெனிதான் 2019இல் செகிரோ என்ற கேமைக் கொடுத்தது, அதில் தாராளமாக நிறுத்திவைக்கலாம், அதனாலேயே அதை முடித்தேன். கஷ்டம் என்று பார்த்தால் செகிரோதான் அதிகம் என்பேன்.

அதனால் "பத்து மணி நேரம் ஆடு, அப்புறம் பார்" என்கிற அறிவுரையை நான் கேட்பதில்லை. கதைக்காகச் சொன்னால்கூட ஓரளவு ஒத்துக்கொள்வேன், விட்சரின் பாரன் கதை அப்படித்தான் என்னை இழுத்தது. ஆனால் கை செய்கிற வேலை பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். பத்தாவது மணியில் புது வாள் வரும், புதுக் குதிரை வரும், இழுப்பறை அதே வேகத்தில்தான் திறக்கும்.

இப்போதெல்லாம் வாங்குவதற்கு முன் டிரெய்லர் பார்ப்பதில்லை. யாராவது நடுவில் எங்கேயோ, முக்கியமாக எதுவும் நடக்காத இடத்தில் ஆடுகிற வீடியோவை எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன். ஹாலோ நைட் என்கிற கேமை அப்படித்தான் பார்த்தேன். மேப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், மேப்பில் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிவதற்குத் தனியாக ஒரு திசைகாட்டியை மாட்டிக்கொள்ள வேண்டும், அது மற்ற சக்திகளுக்கான இடத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். தொலைந்துபோவதையே ஆட்டமாக வைத்திருக்கிறார்கள், அபாரமான யோசனை, எனக்கு ஆகாது. அதன் அடுத்த பாகம் சில்க்சாங் 2025 செப்டம்பர் 4 அன்று வந்தபோது கூட்டம் தாங்காமல் ஸ்டீமே திணறியது, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அத்தனை பேரும் வாங்க முடியவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். நான் டெத் ஸ்ட்ராண்டிங்கில் சாமை வைத்து இன்னும் கொஞ்சம் செராமிக் கொண்டுபோய்க் கொட்டி, பாதியில் நின்ற சாலையைப் போட்டுக்கொண்டிருந்தேன்.